கிருஷ்ணகிரி புதுமாதிரி சாமான் கடையும் எங்க அத்தையோட அடுப்பு நாபும்

எட்டு மாசமா இந்தக் கடைக்குப் போய்ட்டு வந்துட்டு இருக்கேன். வாங்கினதுல சிலது வீட்டுல தினமும் ஓடுது, சிலது பரண்ல கெடக்குது, அதனால இப்ப எழுதினா தான் சரியா இருக்கும்னு நெனச்சேன். பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே எழுதுற ரிவ்யூ மேல எனக்கு நம்பிக்கை இல்ல. நான் ஓசூர் சிப்காட்ல ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில ஒம்போது வருஷமா க்யூசி பாக்குறேன், ஷிப்டுக்கு ஆயிரக்கணக்குல பார்ட் கையில எடுத்துப் பாத்து ஓகே ரிஜெக்ட் போடுற வேலை, அதனால எந்தச் சாமானைப் பாத்தாலும் கை தானா அதைத் திருப்பி அடியைப் பாக்கும்.

கடை ரவுண்டானாவுல இருந்து நடந்து போற தூரம் தான். பேரை நான் போடல, ஏன்னா தம்பி ஒத்தை ஆளா நடத்துறாரு, ஆர்டர் குவிஞ்சா முடியாதுக்கான்னு அவரே சொன்னாரு. பத்துக்குப் பன்னெண்டு அடி இருக்கும், அவ்ளோ தான். இடது பக்கம் ஷெல்ஃபு முழுக்க விக்கிற சாமான், தலைகீழா மடங்குற குடை, மடிக்கிற பக்கெட்டு, ஆள் வந்தா தானா எரியிற லைட்டு, இந்த மாதிரி. பின்னாடி ரெண்டு த்ரீடி பிரிண்டர், பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்கா வச்சுச் சாமான் செய்யற மெஷின், ஓடிட்டே இருக்கும். வலது பக்கச் சுவத்துல தான் விஷயமே இருக்கு, அது முழுக்க படம். உலகத்துல யாரோ யோசிச்ச புது டிசைன், சிலது கடைக்கு வந்தது, சிலது படத்தோடயே நின்னது. தம்பி பெங்களூருல ப்ராடக்ட் டிசைன் படிச்சவரு, கேட்டா ஒவ்வொரு படத்துக்கும் கதை சொல்லுவாரு, முதல் நாள் நான் குடை வாங்கப் போயி ஒன்றரை மணி நேரம் அங்கயே நின்னுட்டேன்.

முதல்ல வாங்குன சாமானைச் சொல்லிடறேன்.

தலைகீழ் குடை, 650 ரூபாய். மடக்கும் போது நனைஞ்ச பக்கம் உள்ள போயிடும், அதனால பஸ்ல ஏறி உக்காந்தா பக்கத்துல இருக்குறவங்க சேலை நனையாது. கம்பெனி பஸ்ல ஜூன் மாச மழையில நெஜமாவே உதவிச்சு. கைப்பிடி வளைவா இருக்கும், மணிக்கட்டுல மாட்டிக்கலாம். ஆனா ரெண்டு அடுக்குத் துணி, வெயிட் ஜாஸ்தி, ஹைவே மேம்பாலத்துல காத்து அடிச்சப்ப ஒரு கம்பி வளைஞ்சுது. சொருகின கம்பியில்ல, ரிவெட் அடிச்சது, அதனால நம்ம ஊரு குடை ரிப்பேர்காரர் பாத்துட்டு என்னால முடியாதும்மான்னுட்டாரு. வளைஞ்ச கம்பியோட தான் இன்னும் பிடிச்சிட்டுப் போறேன்.

யூஎஸ்பி ஜூஸ் பாட்டில், 799. இதை வாங்காதீங்க. மாம்பழ சீசன்ல தோட்டத்துச் செந்தூராவைப் போட்டேன், நார் பிளேடுல சுத்திக்கிச்சு, அதைக் கூட எடுத்துடலாம், சார்ஜ் போடுற ஓட்டைக்கு ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும் பாருங்க, அந்த மூடி மடங்குற எடம் ரொம்ப மெல்லிசு, மூணாவது வாரம் கிழிஞ்சுது, கழுவுறப்ப உள்ள தண்ணி போயி செத்துப் போச்சு. எங்க லைன்ல வந்திருந்தா அந்த மூடியை நான் ரிஜெக்ட் போட்டிருப்பேன். ஜூஸ் பாட்டில்னா தினமும் கழுவுவாங்கன்னு யோசிக்காம ஒருத்தர் வரைஞ்சிருக்காங்க.

மடிக்கிற சிலிகான் பக்கெட்டு, 380. எடத்தை அடைக்காது, நல்ல யோசனை தான். ஆனா நம்ம போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும், ரெண்டே வாரத்துல மடிப்பு மடிப்பா வெள்ளைக் கோடு, உப்பு அப்படியே உக்காந்துக்குது. புளித்தண்ணி ஊத்தி ஊற வச்சுத் தேய்ச்சா போகுது, ஆனா சாதாரண பக்கெட்டுல ஒரு நிமிஷத்துல முடியிற வேலை இதுல கால் மணி நேரம். ஒகேனக்கல் தண்ணி வர்ற நாள்ல அதுல பிடிச்சா இவ்ளோ படியல, ஆனா குடிக்கிற தண்ணியைப் பக்கெட்டுக்கு யாரு செலவு பண்ணுவா.

தீப்பொறி லைட்டர், 250. கேஸ் கிடையாது, சார்ஜ் போட்டா நுனியில ஊதா கலர்ல பொறி ஓடும், காத்துல அணையாது. கார்த்திகை தீபத்துக்கு மொட்டை மாடியில அகல் ஏத்த எடுத்துட்டுப் போனேன், காத்துல தீப்பெட்டி குச்சி பாதி வீணாப் போற எடத்துல இது அருமையா வேலை செஞ்சுது. ஒரே சிக்கல், ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்குற சந்து சின்னது, நம்ம தடிச்ச பஞ்சுத் திரி உள்ள போகல, நுனியை முறுக்கி மெல்லிசாக்கித் தான் ஏத்தணும். அடுத்த வருஷத்துக்கு அப்படியே திரிச்சு வச்சுக்குவேன்.

சென்சார் லைட்டு, 350, இது தான் வாங்குனதுலயே நல்ல சாமான். எங்க மாமனார் வீடு காவேரிப்பட்டணம் பக்கம் கிராமத்துல, பாத்ரூம் வீட்டுக்கு வெளிய. அத்தை ராத்திரி எந்திரிச்சு இருட்டுல போறாங்க, மாந்தோப்பு ஒட்டுன வீடு, பாம்பு நடமாட்டம் உண்டு, எனக்கு எப்பவும் பயம். இந்த லைட்டு ஒடம்பு சூடு நகர்றதை வச்சுத் தான் கண்டுபிடிக்குது. முதல்ல தெரியாம மாட்டுக் கொட்டகையைப் பாத்த மாதிரி ஒட்டிட்டேன், மாடு தலையை ஆட்டினாலே எரிஞ்சு ஒரே ராத்திரியில சார்ஜ் எறங்கிடுச்சு. அப்புறம் வாசல் தூணுல பாதையைப் பாத்து ஒட்டினோம், இப்ப ஒரு சார்ஜுல பன்னெண்டு நாள் வருது. மாமா டார்ச்சைத் தேடுறதையே விட்டுட்டாரு.

இப்ப சுவத்துப் படங்களுக்கு வர்றேன்.

ஒரு படம் எலுமிச்சை பிழியிற சாமான், மூணு கால் வச்ச சிலந்தி மாதிரி நிக்கும், அலுமினியம், பிலிப் ஸ்டார்க்னு பிரெஞ்சுக்காரர் இத்தாலி அலெஸ்ஸி கம்பெனிக்கு 1990ல பண்ணது. பாக்க அவ்ளோ அழகு. ஆனா விதையைத் தடுக்க அதுல ஒண்ணுமே இல்ல, சாறோட விதையும் டம்ளர்ல விழும். பக்கத்துலயே அதே 1990ல வந்த இன்னொரு சாமான் படம், காய் தோல் சீவுற பீலர், பாக்க ஒண்ணுமே இல்ல, தடிச்ச கறுப்பு ரப்பர் பிடி. அமெரிக்காவுல சாம் ஃபார்பர்னு ஒருத்தர், அவரு மனைவி பெட்சிக்குக் கையில மூட்டுவாதம், சாதாரண பீலரைப் பிடிக்க முடியல, அதைப் பாத்துட்டுத் தான் ஆக்ஸோன்னு கம்பெனியே ஆரம்பிச்சாரு. பிடி சான்டோபிரீன்னு ரப்பர் மாதிரி இருக்குற பிளாஸ்டிக்ல பண்ணது, நாங்க மெஷின்ல ஓட்டுற மெட்டீரியல் குடும்பம் தான், ஈரக் கையிலயும் வழுக்காது, ரெண்டு பக்கமும் மீன் செதில் மாதிரி கோடு கோடா இருக்கும், விரல் அழுத்துனா உள்ள அமுங்கும். அந்தப் படத்துக்கு முன்னாடி நான் ரொம்ப நேரம் நின்னேன். எங்க அத்தைக்கும் அதே கை தான்.

இன்னொரு படம் கிராவிட்டி லைட்டு. கரண்ட்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், ஒரு பையில கல்லோ மண்ணோ நெரப்பி, சுமார் 12 கிலோ, மேல தூக்கி மாட்டினா அது மெல்ல எறங்கிட்டே ஒரு சின்ன ஜெனரேட்டரைச் சுத்தி எல்இடி எரிய வைக்கும், சுமார் 20 நிமிஷம். மண்ணெண்ணெய் விளக்குக்குப் பதிலா வேணும்னு லண்டன்ல மார்ட்டின் ரிடிஃபோர்டு, ஜிம் ரீவ்ஸ் ரெண்டு பேரும் பண்ணது, 2012ல வெளிய வந்துது. கேட்டதும் ஒடம்பு சிலிர்த்துப் போச்சு. உடனே அத்தை ஞாபகம், 12 கிலோவை 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை அவங்க தூக்குவாங்களான்னு கேட்டேன். தம்பி சிரிக்கல, அதைத் தான் அவங்களும் ஊரு ஊராப் போய்க் குடுத்துப் பாத்துக் கண்டுபிடிச்சாங்க அக்கா, அப்புறம் வந்த மாடல்ல கயிறை லேசா இழுத்தே ஏத்துற மாதிரி மாத்துனாங்கன்னாரு.

துண்டு துண்டாக் கழட்டி மாட்டுற போன் படமும் இருக்கு. ஃபோன்பிளாக்ஸ்னு 2013ல நெதர்லாந்துக்காரர் டேவ் ஹாக்கன்ஸ் போட்ட யோசனை, கேமரா போச்சா கேமரா துண்டை மட்டும் மாத்து, பேட்டரி போச்சா அதை மட்டும் மாத்து. கூகுள் இதே வழியில அரான்னு ஒரு ப்ராஜெக்ட் நடத்தி 2016ல நிறுத்திட்டாங்க. எனக்கு இதுல ஆச்சரியம் இல்ல, ஒவ்வொரு துண்டும் சேர்ற எடம் ஒவ்வொண்ணும் ஒரு ரிஜெக்ட் வர்ற எடம், தூசி போகும், ஆடும், தடிமன் கூடும். ஆனா யோசனை சாகல, ஆம்ஸ்டர்டாம்ல ஃபேர்ஃபோன்னு ஒரு கம்பெனி ஸ்குரூ டிரைவர்ல கழட்டுற போனை இன்னும் வித்துட்டு இருக்காங்க. ஐரோப்பாவுல 2027 பிப்ரவரியில இருந்து பேட்டரியை வாங்குனவங்களே கழட்டி மாத்துற மாதிரி தான் பெரும்பாலான சாமானைப் பண்ணணும்னு சட்டமே வருது. என் ஜூஸ் பாட்டில்ல ஒரு ஸ்குரூ கூட கிடையாது, முழுக்க ஒட்டி வச்சிருக்காங்க, இருந்திருந்தா எங்க தெரு மொபைல் கடைக்காரர் காய வச்சுக் குடுத்திருப்பாரு.

படங்களுக்கு நடுவுல ஷெல்ஃபுல ஒரு பித்தளைச் சொம்பு இருக்கு, விக்கிறதுக்கு இல்ல. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ்னு அமெரிக்க டிசைனர் தம்பதியை நம்ம அரசாங்கம் கூப்பிட்டு 1958ல ஒரு அறிக்கை வாங்குச்சாம், டிசைன் சொல்லிக் குடுக்குற அகமதாபாத் என்ஐடி காலேஜு 1961ல வந்ததுக்கு அது தான் அடிப்படை. இந்தியாவுல பாத்ததுலயே அழகான சாமான்னு அவங்க எழுதினது நம்ம சொம்பைத் தானாம். எவ்ளோ தண்ணி பிடிக்கும், இடுப்புல எப்படி உக்காரும், ஊத்தும் போது எப்படிச் சாயும், காலியா இருக்கும் போது வெயிட் எங்க நிக்கும்னு ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாத்திருக்காங்க. வீட்டுக்கு வந்து எங்க சொம்பை எடுத்துக் கையில வச்சுப் பாத்தேன், கழுத்துல மூணு விரல் அப்படியே போய் உக்காருது.

சரி, அடுப்பு நாப் விஷயம். இதுக்காகத் தான் இவ்ளோ எழுதுறேன்.

அத்தைக்கு வயசு 67. விரல் மூட்டு வீங்கி மடங்காது, டாக்டர் வாதம்னு மாத்திரை குடுத்திருக்காரு. உள்ளங்கையால அழுத்த முடியும், ரெண்டு விரலால கிள்ளிப் பிடிச்சுத் திருப்பத் தான் முடியாது. கேஸ் அடுப்புல நாபை அழுத்தித் திருப்பணும்ல, அது அவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் வலி. மாமா தோட்டத்துல இருந்தா அவரு வர்ற வரைக்கும் அடுப்பு பத்த வைக்காம உக்காந்திருப்பாங்க, இதை அவங்க சொல்லல, பக்கத்து வீட்டு அக்கா சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன்.

தம்பிகிட்ட சொன்னேன், நீட்டுப் பிடி வச்ச நாப் பண்ணலாம்னாரு. மோல்டு, அதாவது அச்சு, போட்டுப் பண்ணணும்னா அந்த மோல்டுக்கே லட்சக்கணக்குல ஆகும், ஒரு வீட்டுக்கு ஒரு நாப் எந்தக் கம்பெனியும் பண்ணாது, த்ரீடி பிரிண்ட்ல 190 ரூபாய், ரெண்டரை மணி நேரம். நாப் சொருகுற கம்பி, அந்த ஷாஃப்ட் அளவை வெர்னியர் அளவுகோல்ல எடுத்துக் குடுத்தேன், கச்சிதமா உக்காந்துது. ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் பெரிய பானையில களிக்கு உலை வச்சிருக்காங்க, பானை அகலத்துக்குத் தீ முன்பக்கம் வர, சூட்டுல நாப்போட ஓட்டை எளகிடுச்சு, அடுப்பை அணைக்கத் திருப்புறாங்க, நாப் சும்மா சுத்துது, தீ அணையல. மாமா ஓடி வந்து சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினாரு. போன்ல கேட்டப்ப எனக்குக் கை காலு நடுங்கிடுச்சு.

காரணம் மெட்டீரியல். பிஎல்ஏன்னு சொல்ற பிளாஸ்டிக், பிரிண்ட் பண்ண சுலபம், பாக்கவும் பளிச்சுனு இருக்கும், ஆனா 60 டிகிரி கிட்ட வந்தாலே எளக ஆரம்பிச்சுடும். அடுப்புக்குன்னு சொன்ன அப்புறம் அதுல பண்ணிக் குடுத்தது கடையோட தப்பு. பிளாஸ்டிக்லயே வேலை செய்யற நான் என்ன மெட்டீரியல்னு ஒரு வார்த்தை கேக்காதது என் தப்பு. நீங்க எங்க பிரிண்ட் பண்ணக் குடுத்தாலும் இதை மொதல்ல கேளுங்க, அடுப்பு பக்கமா, வெயில்லயா, கார் உள்ளயான்னு அவங்க கேக்கலன்னாலும் நீங்களா சொல்லுங்க.

தம்பி மழுப்பல, காசும் வாங்கல. ரெண்டாவது வேற மாதிரி பண்ணாரு, கம்பெனி நாபைக் கழட்டவே வேண்டாம், அது மேலயே சொருகுற உறை, பிடி மட்டும் நீட்டமா. மெட்டீரியல் பிஇடிஜின்னு வேற பிளாஸ்டிக், இது 80 டிகிரி கிட்ட தாங்கும், அப்படியே எளகினாலும் உறையை உருவிட்டுப் பழைய நாபைத் திருப்பிடலாம். படுக்க வச்சு பிரிண்ட் பண்ணாரு, ஏன்னா அடுக்கு அடுக்கா ஏத்துற சாமான் இது, நிக்க வச்சு அடிச்சா பிடி அந்த அடுக்குலயே வெடிக்கும். வெர்னியர் வச்சுப் பாத்தேன், முறுக்கிப் பாத்தேன், க்யூசி கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியல, ஓகேன்னுட்டேன்.

அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை போறேன், உறையைக் காணோம். அரிசி டப்பா பின்னாடி இருக்கு. ஏன் அத்தைன்னு கேட்டா, "வலிக்குது கண்ணு, முனை குத்திக்கினே இருக்குது, நீ ஆசையா செஞ்சுக்கினு வந்த, எப்பிடிச் சொல்றது"ன்னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நானும் தம்பியும் அடுப்பை அளந்தோம், நாபை அளந்தோம், அவங்க கையை ரெண்டு பேருமே பாக்கல.

அன்னைக்கே சப்பாத்தி மாவு கெட்டியாப் பிசைஞ்சு உருண்டையா குடுத்து, அத்தை, உங்களுக்கு எப்படிப் பிடிச்சா வலிக்காதோ அப்படிப் பிடிங்கன்னேன். அவங்க பிடிச்ச பிடியைப் பாத்தா நாங்க நெனச்சதுக்கு நேர் எதிர், விரலே மடக்கல, உள்ளங்கை அடியால அழுத்திக் கட்டை விரலை ஓரமாச் சாச்சு வச்சிருக்காங்க. அந்த மாவை ஃப்ரிட்ஜுல வச்சுக் கெட்டியாக்கி டிபன் பாக்ஸ்ல கடைக்குக் கொண்டு போனேன். தம்பி அதைச் சுத்திச் சுத்தி போட்டோ எடுத்தாரு, அளவு எடுத்தாரு, பிடி தடிமன் 12 மில்லிமீட்டர்ல இருந்து 34க்குப் போச்சு, ஓரத்துல ஒரு முனை கூட இல்ல, மேல ரப்பர் மாதிரி வளையிற டிபியூல ஒரு உறை. மொத்தம் 420 ரூபாய். மார்ச் மாசம் மாட்டினது, இப்ப நாலு மாசம் ஆச்சு, கழட்டல. வாரா வாரம் நான் போனதும் மொதல்ல ஆட்டிப் பாக்குறேன், எளகல, வெடிக்கல. அழுத்துனா தான் திரும்பும்ங்கிறதால சேலை பட்டுத் தானா திரும்புற பயமும் இல்ல, ஆனா சின்னப் பசங்க இருக்குற வீட்டுல நீட்டுப் பிடி வைக்க நான் சொல்ல மாட்டேன்.

கடையைப் பத்திச் சில குறை. ஷெல்ஃபுல விக்கிற சாமானுக்குப் பில்லு கிடையாது, வாரண்டியும் கிடையாது, அதே ஜூஸ் பாட்டில் ஆன்லைன்ல நூறு ரூபாய் கம்மி. பிரிண்ட் பண்ணிக் குடுக்குறதுல மெட்டீரியல் பேரை ஒரு சீட்டுல எழுதி ஒட்டுங்க தம்பின்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன், இப்ப தான் ஆரம்பிச்சிருக்காரு. கரண்ட் போனா ஓடிட்டு இருக்குற வேலை கெட்டு மறுபடி மொதல்ல இருந்து, அதனால சொன்ன தேதிக்கு ரெண்டு நாள் கூட ஆகும்னு வச்சுக்கங்க. சாமானுக்கு மட்டும்னா அஞ்சுக்கு மூணு தான் தருவேன். செஞ்சு குடுக்குற வேலைக்கு அஞ்சு.

குஜராத் வாங்கானேர்ல மன்சுக்பாய் பிரஜாபதின்னு மண்பாண்டம் செய்யறவரு கரண்ட்டே இல்லாம ஓடுற களிமண் ஃப்ரிட்ஜு பண்ணியிருக்காரு, மேல ஊத்துற தண்ணி சுவர் வழியா கசிஞ்சு ஆவியாகி உள்ள குளிரும். நம்ம பக்கம் காத்து காய்ஞ்ச காத்து, நல்லா வேலை செய்யும், அதைக் கொண்டாந்து வைங்கன்னு கேட்டிருக்கேன். மெல்லிசா வேலை செய்யற கை நம்ம மாவட்டத்துக்குப் புதுசு இல்ல, 3.5 மில்லிமீட்டர் தடிமன்ல டைட்டன் எட்ஜ் வாட்ச் ஓசூர்ல இருந்து தான் 2002ல வந்துது, அந்தப் படமும் சுவத்துல வைங்கன்னேன், வச்சுட்டாரு.

வியாழக்கிழமை கடை லீவு, மத்த நாள் காலையில 11ல இருந்து ராத்திரி 8 வரைக்கும். பிரிண்ட் வேலைன்னா சாயங்காலம் 5 மணிக்கு மேல போங்க, பேச நேரம் இருக்கும்.

அடுத்தது களி கிண்டுற துடுப்பு. ரெண்டு வருஷமா மாமா தான் கிண்டுறாரு, அத்தை பக்கத்துல நின்னு தண்ணி போதும், மாவு போதும்னு சொல்லிக்கினு இருப்பாங்க. துடுப்பு தலைப்பக்கம் மாட்டுற மாதிரி ஒரு தடிச்ச பிடி பண்ண முடியுமான்னு கேட்டேன். தம்பி துடுப்போட அளவைக் கேக்கல. அத்தையையே கூட்டிட்டு வாங்க, மாவு நான் பிசைஞ்சு வைக்கிறேன்னாரு. வர்ற சனிக்கிழமை காவேரிப்பட்டணத்துல இருந்து பஸ் ஏத்திக் கூட்டிட்டு வர்றேன், துடுப்பையும் எடுத்துக்கினு வரணுமான்னு அத்தை ரெண்டு தடவை போன் பண்ணிக் கேட்டுட்டாங்க.